அஞ்சாம் நம்பர் மலையில் மழை

...சரி, ராசா விழுந்தாரு, ஏன் விழுந்தாரு, அதைச் சொல்லணும்ல, சும்மா விழுந்தாரு விழுந்தாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தா புள்ளைங்க கொட்டாவி விட்டுரும், என்று யோசித்தபடியே காளியாயி வலது செருப்பை மாட்டினாள், இடது செருப்பைக் காணோம், நாய் இழுத்துப்போட்டிருக்கும், சனியன், அதுக்கு வேற வேலை என்ன... கண்டி ராசாவுல ஆரம்பிக்கிறதா, நம்ம தோட்டத்துத் துரையில ஆரம்பிக்கிறதா? ஜீவராஜ் சார் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே லயத்து வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், நாளைக்குப் பரிசளிப்பு விழா, தோட்டத் தலைவிதான் சிறப்புப் பேச்சாளர், தலைப்பு, வீழ்ந்த மன்னர்கள் சொல்லும் பாடம். எட்டாம் வகுப்போடு கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டவளுக்கு மேடை, மைக், மாலை! பத்து நிமிசம் பேசுங்க, கதை கதையாச் சொல்லுங்க, கடைசியில ஒரு பாடத்தோட முடிச்சிருங்க, அது போதும் என்றார் சார். கதைக்கா பஞ்சம், கதை கெடக்கு கூடை கூடையா, அந்த ஒத்தப் பாடம்தான் இன்னும் கைக்குச் சிக்கவில்லை. சிக்கும், சிக்காம எங்க போயிரும், மலை ஏறி இறங்குறதுக்குள்ள பிடிச்சிரலாம். செருப்பு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடைத்தது. பையை எடுத்தாள், கொடையை எடுத்தாள். வாசலில் தலையை உலர்த்திக்கொண்டிருந்த மகள் நிலக்ஷி ஆகாயத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "வெயில் இப்புடி அடிக்குது, கொடை எதுக்கும்மா?" மேல மழை வருமாம்டி, நேத்தும் சொன்னாங்க, முந்தாநேத்தும் சொன்னாங்க. "பெஞ்சுச்சா?" பெய்யாட்டி என்ன, சொன்னாங்கல்ல, மலையில நிக்கிறவளுகளுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும், போய் அடுப்புல ஒலையைப் பாரு.

பைக்குள்ளே பிளாஸ்டிக் உறை, உறைக்குள்ளே ஒரு தாள், தாளில் இருபது பெயர். அதை நினைத்ததும் நடையிலே ஒரு மிடுக்கு வந்துவிட்டது, வராதா பின்னே? இருபது குடும்பத்துக்குத் தனி வீடு, ஆளுக்கு ஏழு பேர்ச் காணி, வெள்ளைக்காரன் கட்டிப்போட்ட லயத்தில் ஒரு மழைக்கு மூணு சட்டி வைத்துப் படுத்தெழும்பிய சனத்துக்கு முதல் தடவையாக நாலு பக்கமும் சொந்தச் சுவர். எத்தனை தரம் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் பஸ் ஏறியிருப்பாள், எத்தனை மேசைக்கு முன்னால் நின்றிருப்பாள், தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் மாத்தயா மாத்தயா என்று கெஞ்சி, கெஞ்சி முடியாத இடத்தில் கத்தி... அழகுமுத்து தலைவராக இருந்த இருபத்திரண்டு வருசத்தில் நடக்காததை இவள் மூன்றே வருசத்தில் நடத்திக் காட்டினாள். பட்டியலைப் பன்னிரண்டு மணிக்குள் தோட்டத்து ஆபீசில் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டால் அப்புறம் ஆண்டவனே வந்தாலும் ஒரு பெயரும் மாறாது. ஆனால் கொடுக்கிறதுக்கு முன்னால் பத்தரை மணிக்கு, கொழுந்து நிறுக்கிற நேரத்தில், மலையில் வைத்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவாள், அது அவள் கொண்டுவந்த சட்டம், பேரை மறைச்சு வைக்கிற பழக்கமெல்லாம் அழகுமுத்துவோட போச்சு, நம்மகிட்ட எல்லாம் வெளிச்சம். பதினேழாம் பெயரை மட்டும் நேற்றுச் சாயந்தரம் வெட்டினாள். அக்கரப்பத்தனை டவுனில் சரிபுதீன் நானா கடையில் வாங்கிய சிவப்புப் பேனையால் மருதாயி என்ற பெயருக்கு மேலே ஒரு கோடு, கோட்டுக்கு மேலே சுமன் என்று புதுப்பெயர். ஒரே ஒரு கோடு, அதுவும் நேர்க்கோடு, அடிமட்டம் வைத்துப் போட்டது.

கண்டி ராசாவிலேயே ஆரம்பிப்போம், அதுதான் எடுப்பாக இருக்கும். கடைசி ராசா, வீட்டிலே தமிழ் பேசுற ராசா, சார் சொன்னபோது இவளுக்கே நம்ப முடியவில்லை. வெள்ளைக்காரன் படையோட வாரான், ராசாவோட பெரிய மனுசங்களே அவனுக்கு வழி காட்டுறாங்க, ராசா ஒரு வீட்டுல போயி ஒளியிறாரு, புடிச்சுக் கட்டி, கடைசியில கப்பலேத்தி வேலூருக்கு அனுப்பிட்டானுங்க. அதற்கப்புறம் கொஞ்ச வருசத்தில் அந்தக் கரையிலிருந்து நம்ம சனம் காட்டு வழியே நடந்து இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது, ராசா அங்க, கூலி இங்க, இதை மேடையில் சொன்னால் கைதட்டு விழும், சந்தேகமேயில்லை. அப்போ பாடம்? கூட இருக்கிறவங்களை நம்பினாரு, கெட்டாரு. ஆமா, அதுதான், கிட்ட இருந்து வாய் வளர்க்கிறவங்களை அப்பப்போ தேயிலைச் செடி மாதிரி கவ்வாத்து வெட்டணும், விட்டா தலைக்கு மேல போயிரும். நல்ல பாடம்தான்... ஆனா பரிசு வாங்க வந்த புள்ளைங்ககிட்ட போயி யாரையும் நம்பாதீங்கன்னா சொல்றது, ஜீவராஜ் சார் மூஞ்சி சுருங்கிரும். வேற பார்ப்போம்.

பிள்ளைக்காம்பராவைத் தாண்டினால் ஏற்றம் தொடங்கும். உள்ளே தொட்டிலில் கிடந்த பிள்ளைகளுக்குக் காவலிருந்த ஆயா எழுந்து நின்று வணக்கம் தலைவி என்றாள், இவள் தலையை ஆட்டிக்கொண்டே போனாள், எழும்ப வேணாம், இரு இரு, என்று சொல்ல நினைத்தாள், சொல்வதற்குள் தாண்டிவிட்டாள். அடுத்த கதை நம்ம துரை, தோட்டத்து மேனேஜர், மீசைத் துரை, அதைச் சொன்னால் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். காளியாயிக்கு அப்போது பதினெட்டு, மருதாயிக்கும் பதினெட்டு, அஞ்சாம் நம்பர் மலையில் பக்கத்துப் பக்கத்து நிரை. அந்தத் துரை இருக்கானே, மேட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் சரிவில் உருட்டிக்கொண்டே வருவான், வந்து யார் பேசினது, யார் சிரிச்சது என்று பார்த்து அன்றைக்கு அவளை வேலையை விட்டு விரட்டுவான். மூன்று நாள் மாட்டினார்கள். நாலாம் நாள் இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள், மேல் நிரையில் நிற்கிறவள் கண்ணுக்குத் துரை பட்டதும் மழை வருதுன்னு சத்தம் போடணும், அவ்வளவுதான். மருதாயிக்கு என்ன தொண்டை அப்போ, அம்மாடி, அவள் மழை வருதுடீ என்றால் மலையின் அடுத்த கோடியில் அக்கரைக் கட்டையில் இருக்கிறவள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை இறுக்குவாள்! பேச்சு நிற்கும், கை பறக்கும். துரை வந்து நின்று ஆகாயத்தைப் பார்ப்பான், மழை வருது, வேகமா எடு, வேகமா எடு என்று அவனும் கத்துவான், இவர்கள் படங்கைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவார்கள். பத்து வருசம் ஆண்டான், கடைசிவரைக்கும் அவனுக்கு அது மழைதான். மாற்றலாகிப் போன நாளில் லொறிக்குப் பக்கத்தில் நாயைப் பிடித்துக்கொண்டு பூமாலைக்காகக் காத்து நின்றான், காலையில் ஆள் சேர்கிற பெரட்டுக் களத்தில் ஒரு குஞ்சில்லை, எங்க எல்லாரும் என்று கேட்டதற்குக் கணக்கப்பிள்ளை, மழைன்னு போயிட்டாங்க தொரை என்றாராம். காளியாயி தனியாக நடந்துகொண்டே சத்தமாகச் சிரித்தாள்.

வளைவில் மழைத்தண்ணீர்ப் போக்கின் கட்டைச் சுவரில் அழகுமுத்து உட்கார்ந்திருந்தார். இதுவும் ஒரு ராசாதான், பழைய ராசா, நம்ம கையால விழுந்தவரு, இவரையும் பேச்சுல சேர்க்கலாமா, வேணாம், பேரப்புள்ளைங்க அந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குது, பாவம். முதலில் நல்ல மனிதர்தான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும், தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தவர் அவர், மீசைத் துரையை மாற்றச் சொல்லி ஹட்டன்வரை நடந்தவர் அவர். அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு, எந்த நாளில் ஆச்சு? ஒருநாள் அவர் மலையேறி வரும்போது மருதாயி விளையாட்டுக்கு மழை வருதுடீ என்றாள், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், காளியாயியும் சிரித்தாள். அடுத்த மாதம் யாரோ அதையே சொன்னார்கள், அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை, சும்மா பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மனுசன் அன்றிலிருந்து கொடையோடு திரிய ஆரம்பித்தார், பங்குனி வெயிலிலும் கொடை, சாமி ஊர்வலத்திலும் கொடை, என்ன மழையோ தெரியல, இந்தப் பொம்பளைங்க சொல்லிக்கிட்டே இருக்காங்க என்பார். கடைசிக் கூட்டத்தில் கோயில் முன்னால் நின்று, யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லணுமா என்று கேட்டார், ஒருத்தரும் மூச்சுவிடவில்லை, பார்த்தீங்களா, எல்லாருக்கும் திருப்தி என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கச் சொன்னார், பதினொரு கை எழும்பியது, அதில் நாலு அவர் வீட்டுக் கை.

"எங்க தலைவி, மலைக்கா?" என்றார் அழகுமுத்து. ஆமாண்ணே, லிஸ்ட்டு வாசிக்கப் போறேன் என்றாள். அவர் பார்வை அவள் கையில் இருந்த கொடைக்குப் போனது, ஆகாயத்துக்குப் போனது, ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை, திரும்பக் கொடைக்கு வந்தது. "கொடை எடுத்துட்டீங்க போல?" மழை வரும்னாங்கண்ணே. "ம்..." என்று ஒரு புல்லைக் கிள்ளிப் போட்டார். "எனக்கும் அப்புடித்தான் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. தோத்த மறுநாளோட மழை நின்னுபோச்சு தலைவி." காளியாயிக்குச் சிரிப்பு வந்தது, அதைவிடப் பரிதாபம் வந்தது, பாவம், இப்பத்தான் வெளங்கியிருக்கு மனுசனுக்கு, இருபத்திரண்டு வருசம் ஆண்டுட்டு, விழுந்து மூணு வருசம் கழிச்சு! வரட்டாண்ணே, நேரமாச்சு என்று நடந்தாள். பார்த்தியா, இதுதான் வித்தியாசம், நமக்கு ஒன்றும் சொல்லித்தர வேண்டாம், நாமதான் அந்தச் சொல்லையே கண்டுபிடிச்ச ஆளு, நம்மகிட்ட யாரு என்ன மறைக்க முடியும்?

நாட்டையே ஆண்ட சனாதிபதி கதையையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும், மண்ணெண்ணெய்க்கும் கேஸுக்கும் வரிசையில் நின்று கால் வீங்கிய வருசம், கொழும்பில் சனம் மாளிகைக்குள் பூந்து குளத்தில் குளித்தது, நிலக்ஷி போனில் காட்டினாள், அன்றைக்கு லயத்தில் எல்லாரும் ஒரே போனைச் சுற்றி நின்று பார்த்தோம். எவ்வளவு பெரிய வீடு, எவ்வளவு பெரிய வாசல், ஆளு ராவோட ராவா பறந்துட்டாரு. பாடம் என்ன, சனத்துக்கு வேண்டியதைக் குடுத்துட்டா உன் குளத்துக்கு ஏன் வரப்போறாங்க? நான் குடுக்கிறேன்ல, இருபது வீடு குடுக்கிறேன்ல, என்னை யாரு என்ன சொல்ல முடியும்... அந்தக் கிருஷாந்தி சொன்னாளே. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, நின்றாள். மருதாயி மகள் கிருஷாந்தி, இவள் கையில் பிறந்து இவள் இடுப்பில் வளர்ந்த பிள்ளை, போன ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டத்தில் எழும்பி நின்று, பேரெல்லாம் எப்புடித் தெரிஞ்செடுத்தீங்க, அதையும் சேத்து வாசிங்களேன் என்றாள். அத்தனை பேருக்கு முன்னால்! என்னடி, என்னைச் சந்தேகப்படுறியா என்று கேட்டதற்கு, இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கிறேன், என்றாள். தெரிஞ்சுக்கவாம். கேட்கட்டும், கேட்கிற வாய் இருக்கிற வீட்டுக்கு அடுத்த லிஸ்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். மருதாயிமேல் ஒரு கோபமும் இல்லை, முட்டி வலியோடு அவள் அந்த ஒழுகுகிற அறையில் பாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டு படுக்கிறது தெரியாதா, தெரியும், போய்ப் பார்த்துக்கூட வெகுநாள் ஆச்சு, எங்க நேரம்... சுமன் கூட்டத்துக்குக் கூட்டம் நமக்காகப் பேசுற பையன், அவனுக்கும் ஒரு வீடு வேணும்தானே. அந்தக் கூட்டத்தோடு கிருஷாந்திக்கும் புத்தி வந்துவிட்டது, நேற்று வழியில் பார்த்தபோது எவ்வளவு பணிவாக ஒதுங்கி நின்று, வாங்க தலைவி என்றாள். முந்தியெல்லாம் பெரியம்மா பெரியம்மா என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்த பிள்ளை. மரியாதை தெரிஞ்சுபோச்சு, நல்லதுதானே. நல்லதுதான்.

கடைசி மேட்டில் ஏறியதும் அஞ்சாம் நம்பர் மலை முழுக்கக் கண்ணுக்கு விரிந்தது, பச்சை நிரைகளுக்கு நடுவே முப்பது தலை, வெயில் சுள்ளென்று கூடைகளில் அடித்தது, பேச்சும் சிரிப்பும் இங்கேவரை வந்தது, ஆகா, இதைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு, என்ன பேசிக்கிறாளுக, யாரைப் பற்றிச் சிரிக்கிறாளுக, சீக்கிரம் போய் நாமும் கலந்துகொள்ளலாம் என்று கால் தானாக எட்டிப்போட்டது. அப்போது மேல் நிரையிலிருந்து ஒரு குரல்.

"மழை வருதுடீ...!"

மருதாயி குரல். இல்லை, மருதாயி வேலையை விட்டு ஆறு வருசமாச்சு, அவள் மகள் குரல், அப்படியே தாயின் தொண்டை. கீழ் நிரையில் இன்னொருத்தி வாங்கிச் சொன்னாள், மழை வருது, அதற்கும் கீழே, மழை வருது, அக்கரைக் கட்டை வரைக்கும் போனது. காளியாயி ஆகாயத்தைப் பார்த்தாள். நீலம், ஓரத்திலிருந்து ஓரம்வரை நீலம். ஓ, அது இந்த மழையா, துரை வாராரா, இந்தக் காலத்துப் பொண்ணுகளுக்கும் அது தெரியுமா, கெட்டிக்காரிகதான் என்று சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். பாதையில் யாருமில்லை. இப்போதைய துரை திங்கட்கிழமையே கொழும்புக்குப் போய்விட்டார், அது இவளுக்கே தெரியும். மலையை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயா தேயிலை ஸ்டோரில் நிற்கிறார், வரும்போது பார்த்தாளே. கங்காணி நிறுக்கிற தராசுப் பக்கம். வேற யாரு? பாதையில் வெயில், வெயிலில் ஒரு நிழல், நிழலின் கையில் ஒரு கொடை. பேச்சு நின்றுபோயிருந்தது. முப்பது ஜோடிக் கை கொழுந்து ஒடிக்கிற சத்தம் மட்டும், சடசட, சடசட... நேற்று? நேற்று இவள் வந்தபோதும் இப்படித்தான் நின்றது. முந்தாநாளும். சே, என்ன நினைப்பு இது, சும்மா, வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாளுக, வெளையாட்டுத்தானே, போன மாசம் முதல் தடவை சொன்னபோது எல்லாரும் சிரிச்சாங்கல்ல... சிரித்தார்கள். அன்றைக்குச் சிரித்தார்கள். இன்றைக்கு?

இறங்கித்தான் ஆக வேண்டும், நின்றால் நன்றாகவா இருக்கும். வாங்க தலைவி, வாங்க தலைவி என்று முப்பது முகமும் சிரித்தது, வழிவிட்டு ஒதுங்கியது, ஒருத்தி கூடையைக் கவிழ்த்து உட்காரக் கொடுத்தாள். காளியாயி உட்காரவில்லை. மழைன்னு கத்துனது யாருடி என்று கேட்டாள், சிரித்த மாதிரித்தான் கேட்டாள். ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லணுமா என்று அடுத்து வாயில் வந்தது, ஐயோ, அதை விழுங்கிக்கொண்டாள், காளியாயி, நீயாடி, நீயா! நல்ல வேளை கையில் வேலை இருந்தது. உறையைப் பிரித்தாள், தாளை எடுக்க இரண்டு கையும் வேண்டும், கொடையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, செடிமேல் வைத்தாள், சரிந்தது, கக்கத்தில் இடுக்கினாள், நழுவியது.

"குடுங்க தலைவி, நான் புடிச்சுக்கிறேன்" என்று கிருஷாந்தி முன்னால் வந்து வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் சும்மா வைத்துக்கொள்ளவில்லை, விரித்து, காளியாயி தலைக்கு மேலே பிடித்தாள், முகத்தில் ஒரு கேலியும் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அந்தப் பத்தரை மணி வெயிலில் முப்பது பேரும் காய்ந்துகொண்டு நிற்க இவள் ஒருத்திக்கு மட்டும் நிழல். வாசித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சின்னச் சத்தம், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், யாரோ சாமியைக் கூப்பிட்டார்கள், குரல் கணீரென்றுதான் இருந்தது, அதில் குறையில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டிய பாடம் இப்போது கைக்கு வந்துவிட்டது, மழைன்னா நெசமாவே மழைன்னு ஒரு மலையில ஒருத்தர்தான் நெனைச்சுக்கிட்டிருப்பாரு, புள்ளைகளா, அவருதான் ராசா... மேடையில் சொல்லலாம், கைதட்டு விழும், ஆனால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? பதினைந்து. பதினாறு. அடுத்த வரியில் சுமன் என்ற பெயர் தெளிவாக இருந்தது, அதற்குக் கீழே நேர்க்கோட்டுக்கு அடியில் மருதாயி என்ற பெயரும் தெளிவாகத்தான் இருந்தது, சிவப்புப் பேனை எதையும் மறைக்கவில்லை. மருதாயின்னு வாசிச்சா, பயந்துட்டான்னு சொல்லுவாளுகளா? சொல்லட்டுமே. சொன்னா என்ன? வாசித்தால் அழகுமுத்துவுக்கு நின்ற மாதிரி நமக்கும் மழை நின்றுவிடுமா, இல்லை, ஒரு தடவை தொடங்கினது நின்னதே இல்லியா, விழுகிற வரைக்கும்? கொடை கொஞ்சம் ஆடியது, கிருஷாந்தி கையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"கொடையை மடக்கும்மா" என்றாள் காளியாயி. கிருஷாந்தி மடக்கவில்லை, கொடை அப்படியே இருந்தது. அவள் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "பதினேழாவது..." என்றாள், முப்பது பேரும் இவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.